ஹிஸ்பானிக் ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு ஆளுமை வகை டெஸ்ட்: உண்மையில் எதை அளக்கிறோம்?

தாமரைக்குளம் எழுதியது:

வணக்கம். சான் அன்டோனியோவின் தெற்குப் பக்கம் ஓர் அரசு ஹைஸ்கூலில் கணக்கு எடுக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள்; இங்கே மெக்சிகோ வழிக் குடும்பங்கள். பலருக்குக் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்தே டெக்சஸ்தான் ஊர். சிலர் சமீபத்தில் வந்தவர்கள்.

இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு முழுவதற்கும் 16 ஆளுமை வகைகளில் ஒன்றைச் சொல்லும் ஒரு டெஸ்ட் வைக்கப் போகிறார்கள். மையர்ஸ்-பிரிக்ஸ் பாணி, நான்கு எழுத்து வரும். அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்சிலர் ஒவ்வொரு பிள்ளையிடமும் எண்டார்ஸ்மென்ட் பற்றிப் பேசுவார். டெக்சஸுக்கு வெளியே இருப்பவர்களுக்காக: 2013இல் வந்த ஹவுஸ் பில் 5 படி, ஒன்பதாம் வகுப்பில் சேரும்போதே மாணவர் ஒரு பிரிவைச் சொல்லியாக வேண்டும். அறிவியலும் கணிதமும், வணிகமும் தொழிலும், பொதுச்சேவை, கலையும் மானுடவியலும், பலதுறை என ஐந்து. பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கணக்குப் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் போகிறவை. இரண்டு வருடம் கழித்து மாற நினைக்கும் பிள்ளைக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை வகுப்பில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர், "ஹிஸ்பானிக் பிள்ளைகள் பெரும்பாலும் உணர்வு வகைதான், பொதுச்சேவைப் பக்கம் நன்றாகப் போவார்கள்" என்றார். டெஸ்ட் வைப்பதற்கு முன்பே முடிவு வந்துவிட்டது போல இருந்தது. இந்தத் துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த மாதிரி டெஸ்ட் இந்தப் பிள்ளைகளிடம் எதை அளக்கும்?

---

மேட்டுத்தெரு எழுதியது:

ஹூஸ்டனில் நிறுவனங்களுக்குப் பயிற்சி நடத்துகிறேன். மையர்ஸ்-பிரிக்ஸ் சான்றிதழ் உண்டு, பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். நல்ல கருவி என்பது என் கருத்து.

அதில் கெட்ட வகை என்று ஒன்று கிடையாது. பாஸ், ஃபெயில் கிடையாது. வீட்டில் யாரும் காலேஜ் போகாத ஒரு பிள்ளைக்கு, "நீ தனியாக யோசித்து முடிவெடுக்கிறவள், அது குறை அல்ல" என்று முதல் தடவை ஒருவர் சொல்வது பெரிய விஷயம். தன்னைப் பற்றிப் பேச அந்தப் பிள்ளைக்குச் சில சொற்கள் கிடைக்கின்றன. எல்லாம் மார்க், ரேங்க் என்று ஓடும் பள்ளியில் இதற்கு ஓர் இடம் வேண்டும். கூட்டத்தில் அவர் சொன்னது தவறு, அதில் சந்தேகமே இல்லை. அதற்காகக் கருவியைத் தூக்கி எறிய வேண்டாம்.

---

அளவுகோல் எழுதியது:

தாமரைக்குளம், நல்ல கேள்வி. உளவளவியல், அதாவது மனப் பண்புகளை அளக்கும் துறைதான் என் வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வகை என்ற கருத்தைப் பார்ப்போம். கார்ல் யுங் 1921இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலிலிருந்து கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் எடுத்து வளர்த்தது இது. நான்கு இரட்டைகள்: புறமுகம்/அகமுகம் (வெளியே கலந்து பழகுவதா, தனக்குள் இருப்பதா), புலன்/உள்ளுணர்வு (கண்ட விவரமா, மனதில் தோன்றுவதா), சிந்தனை/உணர்வு (முடிவெடுப்பதில் காரணமா, மனிதர் மனமா), தீர்மானம்/திறந்த போக்கு (திட்டமிடுவதா, அப்போதைக்கப்போதா). நான்கிலும் ஒவ்வொரு பக்கம் எடுத்தால் 16 வகை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மனிதர்கள் இந்த அளவுகளில் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்பதில்லை. பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறார்கள். ஐந்தரை அடிக்கு மேல் நெட்டை, கீழே குட்டை என்று கோடு போட்டால், கால் அங்குல வித்தியாசமுள்ள இரண்டு பேர் எதிரெதிர் வகை ஆகிவிடுவார்கள். இங்கேயும் அதேதான். கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை, அடுத்த மாதம் ஒன்றிரண்டு கேள்விக்கு வேறு பதில் சொன்னால் எழுத்து மாறிவிடும். 5 வார இடைவெளியில் மறுபடி எழுதியவர்களில் பாதிப் பேருக்கு ஏதாவது ஓர் எழுத்தாவது மாறியது என்பதை 1993இல் டேவிட் பிட்டெஞ்சர் எடுத்துக்காட்டினார். எழுதியவர்கள் பெரியவர்கள். 14 வயதுப் பிள்ளையிடம் அதைவிட உறுதியாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

1991இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் குழு ஒன்று இதைப் பரிசீலித்து, தொழில் வழிகாட்டலுக்கு இதைப் பயன்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்றது. எண்டார்ஸ்மென்ட் தேர்வு என்பது தொழில் வழிகாட்டல்தானே.

மேட்டுத்தெரு சொன்ன "பேச ஒரு வழி" என்பதை நான் மறுக்கவில்லை. பேசுவதற்கு எழுத்து வேண்டியதில்லை. அளவில் எங்கே இருக்கிறாள் என்று காட்டினாலே போதும்.

---

நெய்தல்நிலா எழுதியது:

நான் முனைவர் பட்ட மாணவி, இதற்குப் பக்கத்துத் துறை. ஒன்று சேர்க்கிறேன்.

மெக்ரேயும் கோஸ்டாவும் 1989இல் மையர்ஸ்-பிரிக்ஸ் மதிப்பெண்களை, ஆளுமையை அளக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஐந்து பெரும் பண்புகளோடு ஒப்பிட்டார்கள். நான்கு அளவுகள் நான்கு பண்புகளோடு ஓரளவு பொருந்தின. புறமுகம் அப்படியே, உள்ளுணர்வு திறந்த மனதோடு, உணர்வு இணக்கத்தோடு, தீர்மானம் பொறுப்புணர்வோடு. ஐந்தாவதான மனப்பதற்றம் மட்டும் மையர்ஸ்-பிரிக்ஸில் இல்லவே இல்லை. ஹைஸ்கூல் பிள்ளையைப் புரிந்துகொள்ள மிகவும் தேவைப்படுவது அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் அளவுகோல் அக்கா, ஐந்து பண்புக் கேள்வித்தாளை ஹிஸ்பானிக் பிள்ளைகளிடம் கொடுத்தால் மட்டும் சரியாக வந்துவிடுமா? அங்கேயும் மொழி, பதில் சொல்லும் பழக்கம் எல்லாம் குறுக்கே வருமே.

---

அளவுகோல் எழுதியது:

வரும் நிலா. கேள்வியின் நடுப்பகுதியே அதுதான்.

"முழுவதும் ஒப்புக்கொள்கிறேன்" முதல் "கொஞ்சமும் இல்லை" வரை ஐந்து கட்டம் இருக்கும் தாள்களில், ஹிஸ்பானிக் பதிலாளர்கள் இரண்டு ஓரங்களையும் அதிகம் தொடுகிறார்கள் என்பது பழைய கண்டுபிடிப்பு. ஹுய், ட்ரையாண்டிஸ் இருவரும் 1989இல் அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஐந்து கட்டத் தாளில் ஹிஸ்பானிக் இளைஞர்கள் மற்றவர்களைவிட ஓரங்களை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். கட்டங்களைப் பத்தாக்கியதும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள். ஆள் மாறவில்லை, தாள்தான் மாறியது. ஐந்து கட்டத் தாளை மட்டும் பார்த்தவர் "இவர்கள் தீவிர குணம் உள்ளவர்கள்" என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

ஓரங்களைத் தொடுவதும், எதைக் கேட்டாலும் ஆமாம் சொல்வதும் அமெரிக்கச் சூழலில் கலந்து பழகப் பழகக் குறைகின்றன என்று மரீனும் உடன் ஆய்வாளர்களும் 1992இல் காட்டினார்கள். அதாவது உங்கள் பள்ளிக்குள்ளேயே, நான்காம் தலைமுறைப் பிள்ளையும் போன வருடம் வந்த பிள்ளையும் ஒரே குணத்தோடு இருந்தும் வேறு மதிப்பெண் வாங்கலாம். இதோடு வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆமாம் சொல்லும் போக்கில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் சிறு வயதில்தான் பெரிது. சோட்டோ குழு 10 முதல் 20 வயது வரை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டது. ஆமாம் என்ற பதில் ஒரே பக்கம் குவியாதபடி நேர்க் கேள்வியும் எதிர்க் கேள்வியும் சமமாக இருக்கும் தாள்தான் இதற்கு ஓரளவு தாங்கும். நீங்கள் வாங்கிய பாக்கேஜில் அப்படி இருக்கிறதா என்று கேளுங்கள்.

---

மேட்டுத்தெரு எழுதியது:

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மையர்ஸ்-பிரிக்ஸில் ஐந்து கட்டமே கிடையாது. "இதுவா, அதுவா" என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே ஆமாம் போடவும் முடியாது, ஓரத்துக்கும் போக முடியாது. நீங்கள் சொன்ன ஆய்வுகள் அதற்குப் பொருந்தாது.

---

அளவுகோல் எழுதியது:

சரியான வாதம், ஏற்கிறேன். இரண்டில் ஒன்று என்ற வடிவம் அந்தக் கோளாறைப் பெரும்பாலும் தடுக்கும். 8 முதல் 17 வயதுக்காக தாமஸ் ஓக்லாண்டும் மற்றவர்களும் 1996இல் கொண்டுவந்த மாணவர் கேள்வித்தாளிலும் அதே வடிவம்தான்.

ஆனால் உள்ளடக்கம் அப்படியே நிற்கிறது. "வாரக் கடைசியில் விருந்துக்குப் போவாயா, வீட்டில் இருப்பாயா?" என்பது இந்த மாதிரித் தாள்களில் வழக்கமாக வரும் கேள்வி. விருந்து என்றால் முன்பின் தெரியாதவர்களோடு பழகும் இடம் என்று கேள்வி எழுதியவர் நினைத்திருக்கிறார். தெற்கு டெக்சஸில் ஒரு பெண்ணின் பதினைந்தாவது பிறந்தநாளுக்கு நடக்கும் கின்சியன்யேரா விழாவுக்குப் பாட்டி, மாமா, கைக்குழந்தை, பக்கத்து வீடு என்று எல்லோரும் வருவார்கள். அங்கே போகிறவள் புறமுகமா, குடும்பத்தை மதிக்கிறவளா? தாள் அவளைப் புறமுகம் என்று எழுதிக்கொள்ளும்.

---

தாமரைக்குளம் எழுதியது:

இதைப் படித்ததும் என் வகுப்புப் பிள்ளைகள் கண்முன் வந்தார்கள். பெயர் இல்லாமல் பொதுவாகச் சொல்கிறேன்.

"திட்டமிட்டு வேலை செய்வாயா, கடைசி நேரத்தில் செய்வாயா" என்று கேட்பார்கள். என் மாணவர்கள் பலருக்குச் சாயங்காலம் அவர்கள் கையில் இல்லை. தம்பி தங்கையைக் கூட்டி வர வேண்டும். அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் சொல்வதை ஸ்பானிஷில் சொல்ல வேண்டும், வீட்டு வாடகைக் கடிதத்தைப் படித்துக் காட்ட வேண்டும். ராத்திரி பதினொன்றுக்கு ஹோம்வொர்க் செய்கிற பிள்ளை "கடைசி நேரம்" என்றுதான் குறிப்பாள். அது பொறுப்பில்லாத குணமா? பதினான்கு வயதில் ஒரு குடும்பத்தின் காகிதங்களையெல்லாம் பார்த்துக்கொள்ளும் பிள்ளையைவிடப் பொறுப்பான பிள்ளை எங்கே இருக்கிறாள்?

இன்னொரு கேள்வி. ஸ்பானிஷ் தாளும் இருக்கிறது, எல்லோருக்கும் அதையே கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. செய்யலாமா?

---

நெய்தல்நிலா எழுதியது:

எல்லோருக்கும் ஸ்பானிஷ் என்பது சரியாக வராது என்று நினைக்கிறேன். வீட்டில் ஸ்பானிஷ் பேசினாலும், பள்ளிக்கூடப் படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் என்றால் ஸ்பானிஷில் வாசிப்பது தடுமாறும். அப்போது தாள் குணத்தை விட்டுவிட்டு வாசிப்பை அளக்கும்.

அப்புறம் ராமீரெஸ்-எஸ்பார்சா குழுவின் 2006 ஆய்வு. இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவர்களிடம் ஒரே கேள்வித்தாளை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் பதில் சொன்னபோது புறமுகம், இணக்கம், பொறுப்புணர்வு மூன்றும் சற்றுக் கூடின. வித்தியாசம் சிறியது, ஆனால் ஒரே திசையில் வந்தது.

இணக்கம் ஸ்பானிஷில் குறைந்தது பலருக்கு வியப்பாக இருந்தது. சிம்பதியா என்று லத்தீன் அமெரிக்கச் சமூகங்களில் ஒரு நெறி உண்டு. இனிமையாக, மோதலில்லாமல், பிறர் மனம் கோணாமல் பழகுவது. 1984இல் ட்ரையாண்டிஸும் மரீனும் உடன் எழுதியவர்களும் இதை ஹிஸ்பானிக் பண்பாட்டின் அடையாளமாகவே விவரித்தார்கள். அப்படியிருக்க இணக்கம் ஏன் குறைய வேண்டும்? ராமீரெஸ்-எஸ்பார்சா குழு 2008இல் இதைத் திரும்ப எடுத்து, தாளில் தன்னைப் பற்றிச் சொல்வதையும் நேரில் பழகும் விதத்தையும் தனித்தனியே பார்த்தது. நேரில் பழகும்போது சிம்பதியா இருந்தது. தாளில்தான் குறைவாக வந்தது. தன்னைத்தானே நல்லவன் என்று உயர்த்திச் சொல்வது அங்கே நல்ல பழக்கம் இல்லை என்றால், இந்த முடிவில் வியப்பில்லை.

---

ஈரநிலம் எழுதியது:

கலிஃபோர்னியா மத்தியப் பள்ளத்தாக்கில் பள்ளிக் கவுன்சிலராக இருக்கிறேன். மேலே உள்ளதையெல்லாம் படித்தேன். இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

1934இலேயே ஜார்ஜ் சாஞ்செஸ், இரண்டு மொழிப் பிள்ளைகளை இந்த டெஸ்டுகளால் அளப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்று எழுதினார். பிறகு டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் லிங்கன், கார்ஃபீல்ட், ரூசவெல்ட், வில்சன், பெல்மான்ட் பள்ளிகளிலிருந்து ஆயிரக்கணக்கான மெக்சிகோ வழிப் பிள்ளைகள் வகுப்பைப் புறக்கணித்து வெளியே வந்தார்களே, அவர்களுடைய முக்கியமான குறைகளில் ஒன்று இதுதான்: "எங்களைக் காலேஜ் பாடங்களுக்கு விடாமல் கைத்தொழில் வகுப்புக்குத் தள்ளுகிறீர்கள்." லிங்கன் பள்ளி ஆசிரியர் சால் காஸ்ட்ரோ அவர்களோடு நின்றார், அதற்காகக் கைதும் ஆனார்.

1970இல் டயானா வழக்கு. கலிஃபோர்னியாவின் மான்டெரே கவுண்டியில் ஸ்பானிஷ் பேசும் ஒன்பது பிள்ளைகளை ஆங்கிலத்தில் வைத்த அறிவுத்திறன் டெஸ்டை வைத்து மனவளர்ச்சி குன்றியவர்கள் வகுப்பில் போட்டிருந்தார்கள். ஸ்பானிஷில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே இல்லை என்று தெரிந்தது.

ஆளுமை டெஸ்ட் வேறு, அறிவுத்திறன் டெஸ்ட் வேறு என்று சொல்வார்கள். சரிதான். ஆனால் பிள்ளையை ஒரு பக்கம் அனுப்பும் முடிவு அதில் தொங்கினால், அந்தப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். "உணர்வு வகை, அதனால் பொதுச்சேவை" என்று உங்கள் கூட்டத்தில் பேசியதும், அன்று "கையால் வேலை செய்யத் தெரிந்தவர்கள்" என்று பேசியதும் எனக்கு ஒரே குரலில்தான் கேட்கின்றன.

---

மேட்டுத்தெரு எழுதியது:

ஈரநிலம், வரலாற்றுக்கு நன்றி, அதில் மறுக்க ஒன்றுமில்லை. என் அனுபவத்தில் இந்தக் கருவி நிறையப் பேருக்கு உதவியிருக்கிறது, அதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆளைத் தேர்வு செய்யவோ வடிகட்டவோ அதைப் பயன்படுத்தக் கூடாது என்று வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. எண்டார்ஸ்மென்ட் முடிவோடு இணைக்காமல், தனியாக ஒரு வகுப்பில் பேச்சுக்காக மட்டும் வைக்கலாம் என்பது என் நிலை.

---

பாலைவழி எழுதியது:

மயாமியில் இருக்கிறேன், ஆசிரியர் இல்லை, அக்கறை உள்ள ஒரு தகப்பன். ஒரு சின்ன விஷயம். ஹிஸ்பானிக் என்று ஒரே பெட்டியில் போடுகிறோமே, அது 1970களில் அரசு புள்ளிவிவரத்துக்காக நிலைத்த வகை. மயாமி பக்கத்து ஹியலியாவில் என் மகனோடு படிக்கும் கியூபக் குடும்பத்துப் பிள்ளையும், நியூயார்க்கில் இருக்கும் போர்ட்டோ ரிக்கோ பிள்ளையும், ஹூஸ்டனில் எல் சால்வடோர் குடும்பத்துப் பிள்ளையும் ஒரே ஆளுமை மாதிரியா? போர்ட்டோ ரிக்கோகாரர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். எல் சால்வடோரிலிருந்து பலர் உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்தவர்கள். இந்த வித்தியாசங்களை அழித்துவிட்டு "ஹிஸ்பானிக் மாணவரின் ஆளுமை" என்று பேசினால் யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

---

அளவுகோல் எழுதியது:

பாலைவழி சொன்னது அளவீட்டிலும் முக்கியமான விஷயம். இரண்டு குழுவின் சராசரியை ஒப்பிட வேண்டுமானால், ஒரே கேள்வி இரண்டு குழுவிலும் ஒரே பண்பை ஒரே அளவில் தொடுகிறது என்று முதலில் நிரூபிக்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறாமல் "ஹிஸ்பானிக் மாணவர்கள் இதில் கூடுதல், அதில் குறைவு" என்று எழுதுவதில் பொருளே இல்லை. சோதனை செய்யாமலே அப்படி எழுதிய கட்டுரைகள் ஏராளம், படிக்கும்போது எனக்குக் கோபம் வரும்.

நன்றாகச் செய்யப்பட்ட ஒன்றையும் சொல்கிறேன். வட கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் மெக்சிகோ வழிக் குடும்பங்களில் 674 பிள்ளைகளை 10 வயதிலிருந்து தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். ஆங்கிலமோ ஸ்பானிஷோ, எது வசதியோ அதில் பேட்டி. வெள்ளையர் பிள்ளைகளோடு ஒப்பிட்டு யார் கூடுதல் என்று பார்ப்பது நோக்கமில்லை. இந்தப் பிள்ளைகளுக்குள் யார் எப்படி வளர்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஆதர்ட்டனும் ராபின்ஸும் மற்றவர்களும் 2020இல் வெளியிட்டதில், தன்னை அடக்கி நடத்தும் திறன் 10இலிருந்து 14 வயது வரை குறைந்து, அதன்பின் 19 வரை ஏறுகிறது. வீட்டில் கடுமை, இனப் பாகுபாடு போன்ற அனுபவங்களும் அந்தத் திறனோடு தொடர்புடையவையாக இருந்தன.

தாமரைக்குளம், இதை உங்கள் பள்ளியில் சொல்லுங்கள். 14 வயது என்பது அந்தக் கோட்டின் அடிப்புள்ளி. அந்த வயதில் எடுத்த அளவை வைத்து "நீ இந்த வகை" என்று கார்டு கொடுக்கிறோம். இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் ஏறப்போகிற பிள்ளை அது.

---

தாமரைக்குளம் எழுதியது:

மிகவும் நன்றி அக்கா. இதை அப்படியே எடுத்துப் போய்ப் பேசுகிறேன். வகை டெஸ்ட் வேண்டாம் என்றால் பதிலுக்கு என்ன என்று கேட்பார்கள். கவுன்சிலர் ஒருவரிடம் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருக்கிறார்கள், வெறும் பேச்சுக்கு நேரமில்லை என்பார்கள்.

---

ஈரநிலம் எழுதியது:

அது நியாயமான கவலை. ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர் என்பது எங்கள் சங்கத்தின் பரிந்துரை, பல மாவட்டங்களில் அதைத் தாண்டித்தான் இருக்கிறோம்.

நான் செய்வது: ஆளுமையை விட்டுவிட்டு ஆர்வத்தைக் கேட்கிறேன். ஜான் ஹாலண்டின் ஆறு ஆர்வப் பிரிவுகளை வைத்துத் தொழிலாளர் துறை ஒரு கேள்வித்தாளை இலவசமாக வைத்திருக்கிறது, 60 கேள்வி. ஸ்பானிஷிலும் உண்டு, மி ப்ராக்சிமோ பாசோ என்ற தளத்தில். "இந்த வேலை பிடிக்குமா" என்றுதான் கேட்கும், "நீ எப்படிப்பட்டவள்" என்று கேட்காது. இதிலும் பார்த்திராத வேலையைப் பிடிக்கவில்லை என்று குறிப்பது நடக்கும். ஆய்வுக்கூடத்தில் காலே வைக்காத பிள்ளைக்கு அது பிடிக்குமா என்று எப்படித் தெரியும்? அதனால் குறைவாக வந்த பிரிவில், "இதைச் செய்கிற யாரையாவது உனக்குத் தெரியுமா" என்று கட்டாயம் கேட்பேன்.

இன்னொன்று, பெற்றோர் சம்மதம். டெக்சஸ் கல்விச் சட்டம் 26.009ஆம் பிரிவு, உளவியல் டெஸ்ட் வைப்பதற்கு முன் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்கிறது. உங்கள் டெஸ்ட் அதில் வருமா என்று மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். கடிதம் ஸ்பானிஷிலும் போக வேண்டும், அதைப் பிள்ளையே அம்மாவுக்குப் படித்துக்காட்டும் நிலை வரக் கூடாது.

---

தாமரைக்குளம் எழுதியது:

பேசினேன். எண்டார்ஸ்மென்ட் பேச்சுக்கு ஆர்வக் கேள்வித்தாளை வைக்க ஒத்துக்கொண்டார்கள். ஆளுமை டெஸ்டுக்குப் பணம் கட்டிவிட்டதால் வசந்தகாலத்தில் ஒரு பாடவேளையில் மட்டும், சம்மதக் கடிதத்தோடு வைப்பார்கள். முடிவு கோப்பில் ஏறாது. அதற்கு முன் எங்கள் பிள்ளைகளிடம் கேள்விகள் சரியாகப் போய்ச் சேருகின்றனவா என்று நானே சோதிக்க முடியுமா? 140 பேர்தான் இருப்பார்கள்.

---

அளவுகோல் எழுதியது:

நல்ல செய்தி. 140 பேரை வைத்துப் புள்ளியியல் சோதனை வேண்டாம். குழு ஒன்றுக்கே குறைந்தது 200 பேராவது இருந்தால் நல்லது என்பது எங்கள் வழக்கம்.

அதற்குப் பதிலாக ஏழெட்டுப் பிள்ளைகளைத் தனித்தனியாக உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாகப் படித்து, மனதில் ஓடுவதையெல்லாம் சொல்லச் சொல்லுங்கள். புதிதாக வந்தவர்கள், இங்கேயே பிறந்தவர்கள், ஸ்பானிஷில் வசதியாக வாசிப்பவர்கள், ஆங்கிலத்தில் வாசிப்பவர்கள் எல்லோரும் அதில் இருக்கட்டும். நீங்கள் திருத்த வேண்டாம், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "விருந்து" என்றதும் யாரை நினைத்தாள், "திட்டமிடுவாயா" என்றதும் எந்த நாளை நினைத்தாள் என்று எழுதுங்கள். எந்தக் கேள்வியில் பிள்ளைகள் வேறு வேறு விஷயத்தை நினைக்கிறார்களோ, அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். எந்த மொழித் தாளில் எழுதினார்கள் என்பதையும் ஒவ்வொன்றிலும் பதியுங்கள். கிடைத்ததை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம். பிள்ளைகளின் பெயர் மட்டும் எதிலும் வேண்டாம்.